ஒற்று விடுபடாத மூன்று வாரம்

எங்கள் வாரப் பத்திரிகையில் அவருக்குப் பெயர் 'வியாழன்'. பதினெட்டு வருடமாக, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய நகைச்சுவைப் பத்தி மின்னஞ்சலில் வந்து விழும். நான் பிழை திருத்துகிறவள். அந்தப் பத்தியைத் திறந்தால் எனக்குச் சிரிப்பு பாதி, எரிச்சல் பாதி. சிரிப்பு, மனைவியைப் பற்றி அவர் அடிக்கும் கேலிக்கு. எரிச்சல், ஒற்றுக்கு. க், ச், த், ப் நான்கும் அவருக்கு ஜென்மப் பகை. 'மனைவிக்கு பயந்து' என்று எழுதுவார். நான் ஒரு 'ப்' போட்டு 'மனைவிக்குப் பயந்து' ஆக்குவேன். பக்கத்துக்கு முப்பது தேறும். கேட்டால், "நானே போட்டுட்டா உங்க வேலை போயிடுமேம்மா" என்பார்.

இந்த வருடம் அவருக்கு மாரடைப்பு வந்தது. மூன்று வாரம் மருத்துவமனை. அப்போதும் வியாழன் தவறவில்லை. ஊசியைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டதையும், வீட்டில் தன் சட்டை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் திருதிருவென்று முழித்ததையும் எழுதி, தன்னைத்தானே கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. "மனுஷன் இப்பத்தான் எழுதக் கத்துக்கிட்டார்" என்றார் ஆசிரியர். நான் கவனித்தது வேறு. அந்த மூன்று பத்திகளிலும் ஓர் ஒற்றுகூட விடுபடவில்லை. மரண பயம் இலக்கணமும் கற்றுக்கொடுக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். புத்தி கெட்டவள்.

போன திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். மாடி ஏறக் கூடாது என்பதால் கீழே விளம்பரப் பிரிவிலேயே நாற்காலி போட்டோம். பக்கத்தில் மாத்திரைப் பையோடு அவர் மனைவி. இத்தனை வருடமாக என்னைச் சிரிக்கவைத்த அந்த அம்மாவை அன்றுதான் நேரில் பார்க்கிறேன்.

அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். வாரக் கெடு எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பத்தி, கேள்வி-பதில், புத்தக மதிப்புரை மூன்றையும் விட்டுவிட்டுக் காலையில் நடை, பிறகு நாவல். பதினோரு வருடமாக ஆறாம் அத்தியாயத்திலேயே நிற்கிற நாவல்.

"இதை முடிக்காம போயிட்டா, பொழைச்சதுக்கே அர்த்தம் இல்லை" என்றார்.

என் கண் கடிதத்தில் ஒரே வரியில் நின்றுவிட்டது. 'இனி எழுத போவதில்லை.' 'ப்' இல்லை.

"கடைசி மூணு மாதிரி நீங்க எழுதினதே இல்லையே. இப்பப் போய் நிறுத்தலாமா?" என்றார் ஆசிரியர்.

"எந்த மூணு? பழசையே போடச் சொல்லி இவகிட்டச் சொல்லி அனுப்பினேனே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், அதுல ஒற்றெல்லாம் சரியா இருந்துச்சு" என்று உளறினேன். எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தோம். அவர் மாத்திரைப் பையின் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு வருஷம் என்னை வெச்சு எழுதினீங்க. மூணு வாரம் நான் உங்களை வெச்சு எழுதிப் பார்த்தேன்" என்றார்.

ஆசிரியர் காரியத்தில் கண்ணானவர். "அப்ப நீங்களே தொடருங்கம்மா" என்றார்.

"வேணாங்க. வாராவாரம்னா எனக்கும் நெஞ்சுவலிதான் வரும். என் நாவல் முடிஞ்சிடுச்சு. அதை உட்கார்ந்து திருத்தணும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். வியாழன் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடம் நான் சிரித்த சிரிப்பையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"எத்தனை அத்தியாயம்?" என்றார் அவர். முதலில் அதைத்தான் கேட்டார்.

"முப்பத்தொண்ணு."

"எப்போ எழுதினே?"

"நீங்க எழுதறப்ப வீட்ல ஒரு சத்தம் வரக் கூடாதுன்னு சொல்வீங்களே" என்றபடி, அந்த அம்மா மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்தார். "சத்தம் இல்லாம செய்யற வேலை எனக்கு அது ஒண்ணுதான் கிடைச்சுது."