டியூப் மாமா வந்த ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் வீட்டுக்குள் மீன் வந்து சேர்ந்ததற்கு, அத்தையின் ஆபீஸில் மேனேஜராக இருந்த பார்சிக்காரர் ரிடையர் ஆனதுதான் காரணம். தன் அறையில் வைத்திருந்த கண்ணாடித் தொட்டியைப் பூனாவுக்குத் தூக்கிக்கொண்டு போக அவருக்குத் தெம்பில்லை. அதிலிருந்த மீன்களுக்குத் தினமும் தீனி போட்டுக்கொண்டிருந்த டைப்பிஸ்டிடமே கொடுத்துவிட்டார். அந்த டைப்பிஸ்ட் என் அத்தை, அப்பாவின் தங்கை. அறுபதுகளின் நடுவில் ஒரு மாலை, கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் இருந்த எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குத் தொட்டி ஏறி வந்தது. பின்னாலேயே அத்தை, ஒரு பால்தூக்கில் நாலைந்து தங்க மீன்களோடு.

"மீனா? நம்மாத்துலயா?" என்றாள் அம்மா.

அப்பா தொட்டிக்கு இடம் விட்டு டிரங்குப் பெட்டியை நகர்த்தினார். அந்த வருஷம் அத்தைக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயிருந்தன. ஒரு தொட்டி மீனையும் வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன்.

தொட்டியை ஒரு குட்டை பெஞ்சின்மேல் வைத்தோம். ஆபீஸிலிருந்து வந்ததும் அத்தை முகம் கழுவிக்கொண்டு அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிடுவாள். மீன்கள் அவள் விரலைத் தொடர்ந்து கண்ணாடி ஓரமாக நீந்தும். நான் விரலை வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது.

கஷ்டமெல்லாம் தண்ணீர் மாற்றுவதில் இருந்தது. எங்களுக்கு இருந்தது ஒரே அறை, ஒரு சமையலறை, அதன் மூலையில் 'மோரி' என்று நாங்கள் சொல்லும் குளிக்கிற இடம். குழாயில் தண்ணீர் விடியற்காலையில் மட்டும் வரும். அதைப் பிடித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் புடவையையும் பாவாடையையும் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவோம். முதலில் மீன்களைப் பிடித்து வேறொரு பாத்திரத்தில் விட வேண்டும். அவை வழுக்கிக்கொண்டு ஓடும். பிறகு டம்ளரால் மொண்டு மொண்டு பக்கெட்டில் ஊற்ற வேண்டும். அடியில் இருக்கும் மணல் கலங்கி, சேற்று நாற்றம் வீடெங்கும் பரவும். பாதித் தண்ணீர் பக்கெட்டில் விழும், மீதி மொசைக் தரையில். கீழ் வீட்டுக்காரி மாடிப்படியில் நின்று, "பானி டபக்தா ஹை!" என்று கத்துவாள். எங்கள் தொட்டி அவள் அடுப்புக்கு நேர்மேலே; தண்ணீர் அதில்தான் சொட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலைமை கைமீறிப் போய்விட்டது. மீன்களை விடுவதற்கு அத்தை அவசரத்தில் எடுத்த பாத்திரம், அம்மா தோசைக்கு மாவு கரைத்து வைக்கிற அடுக்கு. அம்மா அதைப் பார்த்து, "ஐயோ!" என்று அலறியதில் அத்தை சட்டென்று திரும்ப, தூக்கிக் கவிழ்க்க இருந்த தொட்டி சாய்ந்துவிட்டது. உடையவில்லை. ஆனால் தண்ணீர் முழுவதும் கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த படுக்கைகளுக்குள் பாய்ந்தது. அன்று ராத்திரி நாங்கள் நாலு பேரும் பழைய பேப்பர் விரித்துப் படுத்தோம்.

"இதை யாருக்காவது குடுத்துடு," என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

அத்தை ஆபீஸில் இதைச் சொல்லி அழுதாளா, சிரித்தாளா தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் வந்து கதவைத் தட்டினார். உயரமாக, கறுப்பாக, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு இருந்தார். கையில் பழுப்பு நிற ரப்பர் டியூப் ஒன்றைச் சுருட்டிப் பிடித்திருந்தார். தாராவியில் குடியிருந்தார். திருநெல்வேலிப் பக்கம். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வருவதாகச் சொன்னார். அவர் சொன்ன கோயில் மாதா கோயில் என்பது அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது.

"மீனை எதுக்கும்மா வெளிய எடுக்கீங்க? அது பாட்டுக்குக் கிடக்கட்டும்," என்றார் அத்தையிடம். "தண்ணியையும் முழுசா மாத்தக்கூடாது. மூணுல ஒரு பங்கு மாத்தினாப் போதும்."

டியூபை மோரிக்குக் கொண்டுபோய் அதில் தண்ணீரை நிரப்பினார். இரண்டு முனையையும் கட்டைவிரல்களால் அடைத்துக்கொண்டு வந்தார். ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மறு முனையைத் தரையில் இருந்த பக்கெட்டுக்குள்ளும் விட்டு விரல்களை எடுத்தார். தொட்டித் தண்ணீர் தானாகவே ஏறி இறங்கி பக்கெட்டில் விழ ஆரம்பித்தது. யாரும் மொள்ளவில்லை, யாரும் கவிழ்க்கவில்லை. டியூபின் வாயை மணலுக்கு மேலாக நகர்த்தியபோது, அழுக்கு மட்டும் புகை மாதிரி எழும்பி உள்ளே போயிற்று. மீன்கள் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

திரும்ப நிரப்பும்போது பக்கெட்டை மேஜைமேல் தூக்கி வைத்து, அதே டியூபைத் தொட்டிக்குள் விட்டார். "ஒரு பழைய சாஸர் இருந்தாத் தாங்க," என்று அம்மாவிடம் கேட்டு வாங்கி மணல்மேல் வைத்தார். தண்ணீர் அதில் விழுந்து பரவியதில் மணல் கலங்கவே இல்லை. தரையில் ஒரு சொட்டு கிடையாது. அம்மாகூட ஈரம் தேடிக் காலால் தடவிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவர் எனக்கு டியூப் மாமா.

ஞாயிறு தவறாமல் வந்தார். அம்மா அவருக்குக் காபி கொடுப்பாள். நாங்களெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் குடிக்க, அவருக்கு மட்டும் ரோஜாப்பூ போட்ட கண்ணாடி டம்ளர். அது வேறெந்தப் பாத்திரத்தோடும் சேராமல் ஜன்னலோரம் தனியாகக் கவிழ்ந்திருக்கும். எவ்வளவு மரியாதை என்று நினைத்து, எனக்கும் அதில்தான் காபி வேண்டுமென்று அடம்பிடித்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அவர் குடித்துவிட்டுத் தானே அதைக் கழுவி அதே இடத்தில் கவிழ்த்து வைப்பார்.

டியூப் வித்தை எனக்கு இரண்டாம் வாரமே கைவந்துவிட்டது. அத்தைக்கு மட்டும் வரவே இல்லை. ஆபீஸில் அவள்தான் வேகமான டைப்பிஸ்ட். வீட்டுத் தையல் மிஷினைப் பிரித்துப்போட்டு மாட்டுவாள். ஆனால் டியூபைக் கையில் எடுத்தால் விரல் நழுவிவிடும், காற்று புகுந்துவிடும், தண்ணீர் பாதியில் நின்றுவிடும்.

"எனக்கு வரலையே!" என்று சிரிப்பாள்.

"விரலை இங்க வைங்க. இறுக்கி. அவ்வளவுதாம்," என்பார் அவர். ஆபீஸில் யார் யாரோடு பேசுவதில்லை, கேன்டீனில் என்ன கலாட்டா என்று கதை தொடங்கிவிடும். தொட்டி நிரம்பி வெகுநேரம் ஆன பிறகும் கதை முடியாது. எனக்கு எரிச்சலாக வரும். "இது கூடத் தெரியலையா அத்தை, குடு, நான் பண்றேன்," என்று பிடுங்குவேன். "நீ போய்ப் பாடம் படிடி," என்று அத்தை என்னை விரட்டுவாள்.

அப்பா பேப்பருக்குப் பின்னால் இருப்பார். பக்கம் திருப்பும் சத்தமே கேட்காது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து புது டியூபோடு வந்தார். பச்சை நிற பிளாஸ்டிக். அதுவரைக்கும் அந்த மீன்களை அவர் நின்று பார்த்ததுகூட இல்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, டியூபில் தண்ணீர் நிரப்பி, விரலால் அடைத்து, எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். துணி உலர்த்த அம்மா வைத்திருந்த கிளிப் ஒன்றை டியூபில் மாட்டி, தண்ணீர் மெதுவாக விழும்படி செய்தார். அது டியூப் மாமாவுக்கே தோன்றாத யோசனை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டியூப் மாமா வந்தபோது தொட்டி பளிச்சென்று இருந்தது.

"வாங்கோ, உட்காருங்கோ," என்று அப்பா தன் நாற்காலியையே கொடுத்தார். "உங்களுக்கு வாராவாரம் ரொம்ப சிரமம் குடுத்துட்டோம். இனிமே நானே பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமையும் நீங்க அலைய வேண்டாம் பாருங்கோ."

அவர் தொட்டியைப் பார்த்தார். கிளிப்பைப் பார்த்தார். "நல்லாப் பண்ணியிருக்கீங்க சார்," என்றார். காபியைக் குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். "அப்ப வாரேன் தாயி," என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினார். அத்தை உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சமையலில் தேங்காயே இல்லை.

அப்புறம் சனிக்கிழமைதோறும் அப்பா தண்ணீர் மாற்றினார். அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்த வாரம் மட்டும், "நான் பண்றேன்," என்று அத்தை எழுந்து போனாள். டியூபை நிரப்பினாள், அடைத்தாள், விட்டாள். ஒரு குமிழிகூட இல்லை.

"உனக்கு வருமே அத்தை!" என்று கத்தினேன்.

"மெதுவாப் பேசு. அப்பா தூங்கறார்," என்றாள்.

அடுத்த கோடையில் டியூப் மாமாவுக்குக் கல்யாணம். ஊரிலிருந்து பெண். தாராவி கோயிலில் ஞாயிறு மத்தியானம்.

"அவசியம் போகணுமா?" என்று அப்பா கேட்டார்.

"ஆபீஸ்ல எல்லாரும் போறா அண்ணா. நான் போகலைன்னாத்தான் ஏதாவது நினைச்சுப்பா."

"குழந்தையையும் அழைச்சுண்டு போ," என்றாள் அம்மா.

அத்தை அரக்குப் பட்டு கட்டிக்கொண்டாள். கோயிலில் பாட்டு நன்றாக இருந்தது. கேக் கொடுத்தார்கள். அவர் கோட்டு போட்டுக்கொண்டு வேறு யாரோ மாதிரி இருந்தார். எங்களைப் பார்த்ததும் பெண்ணிடம், "இவங்க எங்க ஆபீஸ். வீட்டுல மீன் வளக்காங்க," என்றார். அந்தப் பெண் தலைகுனிந்து சிரித்தாள்.

"மீனெல்லாம் சௌக்கியம்," என்றாள் அத்தை.

சயானில் ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டி காலியாக இருந்தது. அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. வண்டி நின்றது. நான் எழுந்து வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் அத்தை உட்கார்ந்தே இருந்தாள்.

"அத்தை, நம்ம ஸ்டேஷன்!"

"போகட்டும். அடுத்ததுல இறங்கிக்கலாம்."

அடுத்தது தாதர். அங்கேயும் இறங்கவில்லை. பரேல் போயிற்று, பைகுல்லா போயிற்று. அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். அவளிடம் ஆபீஸ் போய்வருகிற ரயில் பாஸ், கடைசி ஸ்டேஷனான வி.டி. வரைக்கும் இருந்தது. என் டிக்கெட் மாட்டுங்கா வரைக்கும்தான். செக்கர் வருவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாலும் சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. வி.டி.யில் வண்டி இனிமேல் போவதற்கு இடமில்லாமல் நின்ற பிறகுதான் அத்தை எழுந்தாள். எனக்கு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து வண்டிகள் வருவதையும் போவதையும் வெகுநேரம் பார்த்தோம். திரும்பும்போது எனக்குப் புது டிக்கெட் எடுத்தாள். வீட்டில் கேட்டதற்கு, "தூங்கிட்டோம் மன்னி," என்றாள். நான் தூங்கவே இல்லை. ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை.

எனக்கு அது போல ஒரு நாள் அதற்குமுன் வாய்த்ததில்லை. மறுவாரம் அவள் காதோரம் போய், "இன்னொரு தடவை ஸ்டேஷனை விட்டுடலாமா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "அடிக்கடி அப்படி விட முடியாதுடி," என்றாள்.

டிக்கெட்தான் தடை என்று நான் முடிவு செய்துகொண்டேன். எனக்கும் வி.டி. வரைக்கும் ஒரு பாஸ் வாங்கித் தரச் சொல்லி, அந்த மாதம் முழுவதும் அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.