ஐந்தாவது ரொட்டி

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, கதைப் புத்தகம் ஒன்றில் செத்துப்போன பெண்ணை நான் பிழைக்க வைத்தேன். அது எவ்வளவு அலுப்பான வேலை என்று யாருக்கும் தெரியாது. அதனால் பிள்ளைகளாகிய உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கட்சாலில் இருந்தோம். இலங்கையில் மலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்த அம்மாவும் அப்பாவும் சர்க்கார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். விடியுமுன் போனால் மதியம் தாண்டித்தான் வருவார்கள். அப்பா வந்ததும் பாயில் விழுந்து கண்ணை மூடிக்கொள்வார். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி, விரல்களில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பாலை உரித்தபடி, "ம், படி" என்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

அப்பா போர்ட் பிளேயர் போனபோது வாங்கி, திரும்பி வரும் கப்பலிலேயே படித்து முடித்த புத்தகம் அது. அட்டை கிழிந்து போயிருந்ததால் பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்துப் பஞ்சத்தில் ஊரை விட்டு, கடல் தாண்டி, தேயிலை மலைக்கு நடந்தே போன ஒரு குடும்பத்தின் கதை. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள்.

அம்மா சும்மா கேட்கமாட்டாள். கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டினாள் என்று வந்தால், "தோள்லயா? கயிற நெத்தியிலடா மாட்டணும். இத எழுதுன மனுசன் மலை ஏறுனதே இல்ல போல" என்பாள். பசியைப் பற்றி வரும் பக்கங்களில் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

மலையில் முதல் மழையிலேயே கடைசிப் பெண் காய்ச்சலில் விழுந்தாள். அடுத்து வருவதை என் கண் இரண்டு வரி முன்னாலேயே பார்த்துவிட்டது. விடியும்போது அவள் இல்லை. அம்மாவின் விரல்கள் உரிப்பதை நிறுத்தியிருந்தன. எனக்கு என்ன தோன்றியதோ, "விடியும்போது காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டாள்" என்று படித்தேன்.

"கேட்டாளா? கேட்டா பொழச்சிருவா" என்றாள் அம்மா.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. புத்தகத்தில் நாலு பேர் நடந்தால் நான் ஐந்து பேரை நடத்த வேண்டும். நாலு ரொட்டி சுட்டால் நான் ஐந்து சுட வேண்டும். அந்தப் பெண்ணுக்குச் சடை பின்னினேன், பேன் பார்த்தேன், பாவாடைக்கு ஒட்டுப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் இந்திப் பாடத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, வீட்டில் இந்தப் பாடு வேறு.

ஒருநாள் களைப்பில், புத்தகத்தில் இருந்தபடியே படித்துவிட்டேன்: "நாலு ரொட்டி சுட்டு ஆளுக்கொன்று கொடுத்தாள்."

அம்மா நிமிர்ந்தாள். "சின்னவளுக்கு?"

பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாயிலிருந்து, கண்ணைத் திறக்காமலே அப்பா சொன்னார்: "அவளுக்கு மொதல்லயே குடுத்துட்டாங்க புள்ள. முன்பக்கத்துல இருக்கு. நான்தான் படிச்சேனே."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உரித்த ரப்பரை உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்டினாள். "ம். வயிறு நெறஞ்சா சரி. மேல படி" என்றாள்.

கடைசிப் பக்கம் வரை அந்தப் பெண் உயிரோடு இருந்தாள். புத்தகம் பின்னால் சுனாமியில் வீட்டோடு போய்விட்டது.

உங்களுக்கு ஓர் அத்தை இருந்திருக்க வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பே, இலங்கையிலிருந்து வந்து இறங்கிய முகாமில், நாலு வயதில் காய்ச்சலில் போனாளாம். எனக்குக் கல்யாணமான பிறகு சித்தி சொல்லித்தான் தெரியும். அம்மாவும் அப்பாவும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அன்று எனக்கு என்ன தெரியும்? அவர்கள் இருவரும் தூங்கிய பிறகு முன்பக்கத்தைத் திருப்பித் தேடினேன். அங்கே ரொட்டியே இல்லை. பாவம், கப்பல் ஆட்டத்தில் அப்பா புத்தகத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.