மணியாச்சியில் நான் இறங்கியது

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போன மாதம் மனைவியுடன் தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு ரயிலில் போனேன். நான் வழக்கமாகப் போகும் திருநெல்வேலி வண்டி என்றால் வழியில் மணியாச்சியில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாற்றுவார்கள். காலாற நடக்க நேரமிருக்கும். அந்தப் பழக்கத்தில் அன்றும் இறங்கினேன். மதுரைக்குப் போக இன்ஜின் மாற்ற வேண்டியதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

டீ வாங்கித் திரும்பினால் வண்டி நகர்கிறது. ஓடினேன். டீக்கடைக்காரர் என்னைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணாச்சி, சாவப் போறியளா?"

"உள்ள என் வீட்டுக்காரி இருக்காய்யா! நெஞ்சுவலிக்காரி. மாத்திரை எங்கிட்ட இருக்கு!"

மாத்திரை, பயணச்சீட்டு, எங்களுக்கிருந்த ஒரே கைப்பேசி எல்லாம் என் சட்டைப் பையில். அவள் தொலைத்துவிடுவாள் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

நிலைய அதிகாரி கோவில்பட்டிக்குச் சொல்லி அவளை இறக்கச் செய்தார். வாடகைக் காரில் போன முக்கால் மணி நேரமும் அவள் சுருண்டு கிடப்பதாகவே கண்ணில் தெரிந்தது.

கோவில்பட்டி நிலையத்தில் வியர்த்துப்போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "என் உசுர ஒங்க சட்டப் பையிலயா வச்சிருக்கிய?" என்றாள். மாத்திரையை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

இப்போது மாத்திரை அவள் கைப்பையில் இருக்கிறது. தனிக் கைப்பேசியும் வாங்கிக் கொடுத்தேன். நடுவழியில் நான் இறங்குவதே இல்லை. ஆனாலும் வண்டி எங்கே நின்றாலும் அவள் கை என் சட்டையைப் பற்றிக்கொள்கிறது.