லெந்து காலத்துக் கறிசோறு

ஃபாரின் மிஷனில் சேர்ந்திருக்கிறேன் என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பொய்யில்லை. ஃபாரினிலிருந்து வந்தது அவர்கள். நான் வந்தது பாரிமுனையிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில், நின்றுகொண்டே. அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். பி.ஏ. முடித்து வேலையில்லாமல் திரிந்தவனுக்கு, ஊழியம் முடிந்ததும் மிஷனை நடத்தி வந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தன்னோடு விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்று ஒரு நப்பாசை வேறு.

பிள்ளைப்பாக்கத்தில் சின்ன சர்ச்சை ஒட்டிய காலி மனையில், வைத்தியத்துக்கும் பிரசவத்துக்கும் ஓர் அறை கட்ட வேண்டும். காலையில் மருத்துவ முகாம், பிறகு கட்டட வேலை. என் பொறுப்பு மொழிபெயர்ப்பும் சாப்பாடும். பிரசங்கங்களை மட்டுமே மொழிபெயர்த்துப் பழகிய வாய். எங்கே வலிக்கிறது என்று டாக்டரம்மா கேட்டால், நான் நோயாளியிடம், "உமது சரீரத்தில் எவ்விடத்தில் நோவு உண்டாயிருக்கிறது?" என்பேன். முட்டி வலியோடு வந்த ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், மருந்து குடுக்கப் போறியா, ஜெபம் பண்ணப் போறியா?"

மேஸ்திரி உள்ளூர்க்காரர், இந்து. அவர் மகளுக்கு முதல் பிரசவம் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மாட்டு வண்டியிலேயே ஆகி, குழந்தை தங்கவில்லை. இப்போது மறுபடியும் ஐந்து மாதம். டாக்டரம்மா ஒன்று சொல்லியிருந்தார்: தான் ஊருக்குக் கிளம்புவதற்குள் அறைக்குக் கூரைத் தளம் போட்டாகிவிட்டால் பிரசவக் கட்டிலும் நர்ஸும் இங்கே வரும், இல்லையென்றால் கட்டடம் தயாராக இருக்கிற வேறு ஊருக்குப் போய்விடும். அதைக் கேட்டதிலிருந்து மேஸ்திரி யாரையும் உட்கார விடவில்லை.

தளம் போடுவதற்கு முந்தின நாள் அவர் என்னிடம் வந்து, நாளைக்குச் சாப்பாடு என்ன என்று கேட்டார். சாம்பார் சாதம் என்றேன். தளம் போடுகிற அன்றைக்கு ஆட்களுக்குக் கறிசோறு போடுவதுதான் வழக்கம் என்றார் தயங்கித் தயங்கி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பக்தி வந்ததோ! இது லெந்து காலம், ஈஸ்டர் வரைக்கும் நோன்பு, சர்ச் மண்ணில் கறி வேகக் கூடாது என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்துவிட்டேன். நான் கறி தொடாமல் இருப்பதை அதற்குள் ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லியிருந்தேன். மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வாடகைக்கு எடுத்த கலவை மிஷின் வந்தது. ஜல்லி வந்தது, சிமெண்ட் வந்தது. ஆட்கள் வரவில்லை. டாக்டரம்மாவின் கூட்டம் அதற்கடுத்த நாள் விமானம் ஏற வேண்டும். சரி, நாமே போடுவோம் என்று வெள்ளைக்காரர்கள் சட்டையை மடித்துவிட்டார்கள். நானும் வீராப்பாக ஒரு கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சாரத்தில் கால் வைத்தேன். இரண்டாவது படியிலேயே முழங்கால் ஆட, சட்டி கவிழ்ந்து, தலை முதல் செருப்பு வரை எனக்கே தளம் போட்டாயிற்று.

மேஸ்திரி ஓடி வந்து தண்ணீர் ஊற்றினார். கோபம் இல்லை அவர் முகத்தில். இருந்திருந்தால் தேவலை.

"நானும் வூடு வூடா போய் கூப்ட்டு பாத்துட்டேன் சார். வர மாட்றானுங்கோ. தளம் வுழலன்னா எம் பொண்ணு இந்த வாட்டியும் வண்டிலதான் போவணும்."

முந்தின நாள் நான் செய்த பிரசங்கம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே நின்ற ஒரு சைக்கிளை எடுத்தேன், யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை. போகும்போதே, போய் ஆட்களைக் கூப்பிடுங்கள், கறி வருகிறது என்று கத்திக்கொண்டு மிதித்தேன். நோன்பு நாளில், சிமெண்ட் பூசிய சிலையாக, ஸ்ரீபெரும்புதூர் கறிக்கடை வரிசையில் நின்றேன். தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று அன்றைக்குச் செய்த ஜெபம்தான் நான் உருக்கமாகச் செய்த ஒரே ஜெபம்.

திரும்பி வந்தபோது சித்தாள்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிச் சட்டிகளை மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் தளம் முடிந்தது. பந்தியில் எனக்கும் இலை போட்டார் மேஸ்திரி. நோன்பு என்றேன். ஒரு சட்டி தூக்கியவனும் சாப்பிட்டாக வேண்டும் என்றார். கவிழ்த்தவனுக்குமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

டாக்டரம்மா கை குலுக்கிவிட்டு விமானம் ஏறினார். நான் பாரிமுனை பஸ் ஏறினேன்.

ஆவணியில் மேஸ்திரி ஆள் விட்டு வரச் சொன்னார். அந்த அறையின் கட்டிலில் பிறந்த பேத்தி, அதே அறை வாசலில் அவர் தோளில் கிடந்தாள். பக்கத்தில் மகள் சிரித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைத் தூக்கிப் பழக்கமில்லை என்று நான் பின்வாங்கினேன். அவர் விடவில்லை.

"புடி சார். சட்டி மாறி கவுத்துடாத."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கக் கை இல்லை.