கற்பிட்டி பஸ்ஸில் எழும்பிய தொதல் மலை

காலை ஏழரைக்குப் புத்தளத்தில் கற்பிட்டி பஸ் ஏறினேன். தம்பி மகள் ஸீனத்துக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் பயணம். பலகாரத்தைப் பார்த்தே மாப்பிள்ளையின் உம்மா பெண் வீட்டை எடைபோடுவார் என்று தம்பிக்குப் பயம். அவனும் பெண்சாதியும் முன்னாலேயே போய்விட்டார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டுக் கிண்டிய தொதல் பதத்துக்கு வராததால் நான் பிந்தினேன். சூட்டோடு பிஸ்கட் டின்னில் ஊற்றி, மேலே வாழையிலை விரித்து, அதன்மேல் எண்ணெயில் பொரித்த கொக்கிஸ் அடுக்கித் துணியால் கட்டியிருந்தேன். ஆற விட நேரமில்லை.

பாலாவியில் ஏறிய ஒருவர் என் டின்மேல் அரிசி மூட்டையைச் சாய்த்தார். "எடுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எத்தாளையில் அவர் இறங்கியதும் துணியை அவிழ்த்தேன். மூட்டை இருந்த பக்கம் பள்ளம். மற்றப் பக்கம் தொதல் இலையைக் கிழித்து, கொக்கிஸையும் தூக்கிக்கொண்டு மலையாக நின்றது.

"மாமி, கை வைக்காதீங்க!" என்றாள் பக்கத்திலிருந்த பிள்ளை. கடலடிக் கல்லைப் பற்றிப் படிக்கிறவளாம். போனில் படம் பிடித்தாள். "கடலுக்கடியில உப்பும் இதேதான் செய்யும்."

ஆதியில் நிலம் இழுபட்டுப் பள்ளம் விழுந்ததாம். கடல்நீர் புகுந்து, வெயிலில் வற்றி, உப்பளத்தில் போல உப்புப் படிந்ததாம். அதன்மேல் சேறும் மணலும் ஏறிக் கல்லானதாம். பாரம் கூடினால் உப்பு சும்மா கிடக்காது, மெல்ல நகருமாம். நிலம் மறுபடி இழுபட்டு வெடித்த இடம் பார்த்து, மேல்கல்லைத் தூக்கிக்கொண்டு எழும்புமாம்.

"எங்கட கடல்லயா மகள்?"

"இங்க இல்ல மாமி, வேற நாட்டுக் கடல்கள்ல."

இவ்வளவு உப்பு விளைகிற ஊருக்கு இல்லையென்றது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

"எழும்ப எவ்வளவு காலம் எடுக்கும்?"

"கோடிக்கணக்கான வருஷம்."

"எனக்குப் பாலாவியிலிருந்து எத்தாளை வரைக்கும்தான் எடுத்தது," என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

கற்பிட்டியில் மாப்பிள்ளையின் உம்மா துணியை விலக்கினார். "இதென்ன?"

தம்பி நிலத்தைப் பார்த்தான். பிற வீட்டில் தண்ணீர் கேட்கவே கூசுகிறவள் நான். ஸீனத்தை நினைத்து வாயைத் திறந்தேன். நிலம் இழுபட்டதிலிருந்து தொடங்கினேன். கொக்கிஸ் கடலடிக் கல், தொதல் உப்பு என்று விரலால் காட்டினேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. எல்லாருடைய தேத்தண்ணியும் ஆறிவிட்டது.

அவர் மலையுச்சியை உடைத்து வாயில் போட்டார். "உப்பு நல்ல இனிப்பு," என்றார். பிறகு, "ஸீனத்தும் இப்படிக் கதைப்பாவா?"

"இல்ல, இல்ல!" என்று தம்பி முந்திக்கொண்டான்.

அவர் முகம் வாடியது. "எங்கட வீட்டுல நாலு ஆம்பிளைகள். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. எனக்குக் கதைக்க ஆள் வேணும்."

"கதைப்பாள்," என்றேன். "அவளுக்கு முன்னால நான் ஊமை."

அன்றைக்கே நாள் குறித்துவிட்டார்கள்.

கற்பிட்டிக் காற்று எங்கள் புத்தளத்தில் இல்லை. கற்பிட்டியில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதே ஒரு வேலை. நல்ல ஊர்தான். ஆனால் உலகத்திலேயே என்னை வாயாடி என்று நினைக்கிற ஊர் அது ஒன்றுதான். கல்யாணத்துக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது.