ஒருபொழுதுச் சோறு

அம்மாவின் இரைப்பையை முழுதாக வெட்டி எடுத்துவிட்டார்கள் என்பதை எங்கள் ஊரான செட்டிபாளையத்தில் ஒருவரும் நம்பவில்லை. கொழும்பிலிருந்து நாங்கள் வந்து இறங்கிய அன்றே பக்கத்து வீட்டு மாமி படலையைத் திறந்துகொண்டு வந்து அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். "வயிறு இல்லாம மனிசர் எப்பிடிகா உயிரோட இரிக்கிற? டாக்குத்தர்மார் உங்களைப் பேய்க்காட்டி அனுப்பியிருக்காங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறியதில் அம்மாவுக்குத் தையல் போட்ட இடம் இழுத்து வலித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மாமிக்கு உடற்கூறு பாடம் நடத்த எனக்குத் தெம்பில்லை.

எனக்கு எல்லாம் தெளிவாக விளங்கியிருந்தது. வார்ட்டில் மலைநாட்டுப் பக்கத்துத் தமிழ் நேர்ஸ் ஒருத்தி இருந்தாள். வீட்டுக்கு விடும் நாளில் அவள் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "சோறு தங்குறதுக்கு இனிமே இடமில்லம்மா. நேரா குடலுக்குப் போயிரும். அதனால ஒரு கை அளவுதான் சாப்பிடணும். ஆனா விடிஞ்சதுலேருந்து படுக்கிற வரைக்கும் விட்டு விட்டுச் சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும். மீனு, முட்டை, பருப்பு எல்லாம் வேணும். இனிப்பை ஒரேயடியா சாப்பிட்டுறாதீங்க, உடம்பு தாங்காது. பசி எடுக்காது. பசிக்காட்டியும் சாப்பிடணும்." அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம்" போட்டாள். அந்த ஓம் எவ்வளவு பெறும் என்பது மகளான எனக்குத்தான் தெரியும். அம்மா ஒருபொழுது இருந்தவள்.

தம்பியை இராணுவம் கொண்டுபோன நாளிலிருந்து அந்த நேர்த்தி நடந்துகொண்டிருந்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்து வயல்வட்டை ஒன்றில் வேளாண்மை வெட்டுக்குக் கூலியாகப் போனவன் அவன். வெட்டு நடக்கும்போதே சுற்றிவளைப்பு வந்தது. வெட்டுக்காரர்களை ட்ரக்கில் ஏற்றும்போது தம்பியையும் ஏற்றினார்கள் என்று தப்பி ஓடிவந்த ஒருவன் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அப்பாவும் அம்மாவும் போய் நிற்காத முகாம் வாசல் இல்லை. எல்லா வாசலிலும் "இங்கே இல்லை" என்ற ஒரே பதில்தான். கடைசியில் அம்மா கண்ணகி அம்மன் கோயிலில் ஈரச்சேலையோடு விழுந்து, மகன் வீட்டுப் படி ஏறும்வரை நாளுக்கு ஒருநேரச் சோறுதான், அதுவும் மரக்கறிதான் என்று நேர்ந்துவிட்டு வந்தாள். அப்பா வாவியில் வலை வீசிப் பிழைத்தவர். அவர் கொண்டுவரும் மீனை அம்மா கழுவுவாள், அறுப்பாள், சமைப்பாள். உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்கமாட்டாள்.

நோய் பிடிபடாமல் போனதும் இதனால்தான். அம்மா மெலிந்தபோது நேர்த்தியால் மெலிகிறாள் என்று நினைத்தோம். சோறு இறங்கவில்லை என்றபோது மகனை நினைத்து இறங்கவில்லை என்று நினைத்தோம். கறுப்பாக வெளிக்குப் போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கழுத்தெலும்பு தள்ளிக்கொண்டு வர, ஊர்ப் பெண்கள் அவளைப் பார்த்துக் கைகூப்பத் தொடங்கினார்கள். புற்றுநோய் ஒளிந்திருக்க இதைவிடப் பத்திரமான இடம் கிடைத்திருக்காது.

வயிற்றை வெட்டி எடுத்த பிறகாவது நேர்த்தி தளரும் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த மறுநாளே அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா சாப்பிட்டு, நான் சாப்பிட்டு, சட்டி கழுவும் நேரத்தில்தான் அவளுடைய ஒருநேரச் சோறு. ஒரு கை அளவுக்கு மேல் தாங்காத உடம்பு. ஆனால் நாள் முழுவதற்கும் அது ஒன்றுதான் என்பதால் முடிந்த மட்டும் உள்ளே தள்ளப் பார்ப்பாள். தள்ளியதில் பாதி வெளியே வந்துவிடும். கெஞ்சினேன், ஏசினேன், சட்டியைப் போட்டு உடைத்தேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பால்மாவைக் கரைத்து, "இது மருந்து" என்று நீட்டினேன். மருந்துக்கு நேர்த்தியில் விலக்கு உண்டு. அது மருந்தில்லை என்று அவளுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். அந்தக் களவுதான் அவளை ஓட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாமி கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். அம்மனுடைய பொங்கல் என்பதால் அன்றைய ஒருநேரச் சாப்பாடாக அதையே அம்மா அள்ளிச் சாப்பிட்டுவிட்டாள். சற்று நேரத்தில் உடம்பு நடுங்கத் தொடங்கியது. வியர்வை கொட்டியது. கண் செருகி, பல் கிட்டி, தலை ஆடியது. நேர்ஸ் சொன்ன இனிப்புத்தான் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மாமிக்கோ வேறொன்று தெரிந்தது. "உரு வந்திட்டுகா! அம்மாள் வந்திட்டா!" என்று கத்தினாள். ஒரு நிமிடத்தில் வேப்பிலையும் மஞ்சள் தண்ணியுமாக முற்றம் நிறைந்துவிட்டது. மாமி அம்மாவின் காலடியில் விழுந்து, "தாயே, பொடியன் எங்க இரிக்கான்? சொல்லு தாயே" என்று கேட்டாள். நான் எல்லோரையும் தள்ளிவிட்டு அம்மாவைப் பாயில் கிடத்தினேன். அன்றைக்கு என் வாயில் வந்த தூஷணத்தை அந்த முற்றம் அதற்கு முன் கேட்டிருக்காது.

எல்லோரும் போனபின் அம்மா கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்து கிடந்தது. "நான் ஏதும் சொன்னனா புள்ள? தம்பியப் பத்தி?" என்று கேட்டாள்.

"ஒண்டும் சொல்லல்ல அம்மா. அது உரு இல்ல, வருத்தம்."

அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஏதாவது சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம் என்று அப்போதே தோன்றியது. எனக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை.

பாதை திறந்திருக்கும் மாதங்களில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குச் சத்து ஊசி போடக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் வருவார். அம்மாவைப் போலவே கொழும்பில் வெட்டி எடுத்தவர். அந்த நாட்களில் அவருடைய ஊருக்குள் நாங்கள் போவதில்லை, எங்கள் ஊருக்குள் அவர்கள் வருவதில்லை. கிளினிக் வாங்கில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய மனைவி மடியில் கூடை வைத்திருப்பாள். அவித்த முட்டையில் ஒரு துண்டு, முள் எடுத்த மீனில் ஒரு கிள்ளு, பிஸ்கட்டில் ஒரு பாதி என்று அவர் வாயில் வைத்துக்கொண்டே இருப்பாள். "என்னைக் கோழிக்குஞ்சாக்கிட்டா" என்று சலித்துக்கொண்டே அவர் மெல்லுவார். வரவர அவர் கன்னத்தில் சதை வைத்தது, சட்டை நிறைந்தது. அம்மா ஏறி நின்றால் தராசு முள் எழும்பவே யோசிக்கும். இருவருக்கும் ஒரே வெட்டுத்தான். வீட்டுக்குப் போனதும் அவரை உட்காரவைத்து ஊட்ட ஒருத்தி இருந்தாள். அம்மா வீட்டுக்குப் போனதும் மற்றவர்களுக்கு உலை வைத்தாள். ஊட்ட நான் இருந்தேன், வாயைத் திறக்கத்தான் அவள் இல்லை.

ஒரு நாள் அந்த மனைவி அம்மாவுக்கும் ஒரு முட்டையை நீட்டினாள். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்ட, நான் கோபத்தில் நேர்த்திக் கதையைப் போட்டு உடைத்தேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, எங்கட மார்க்கத்துல நோன்பு எவ்வளவு பெரிய கடமை. அதுலயே நோயாளிக்கு விலக்கு வச்சிரிக்கு. படைச்சவனுக்கு நம்மட உடம்பு தெரியாதா? உங்கட அம்மாளும் குறை நினைக்கமாட்டா."

அம்மா அவரைப் பார்த்து, அண்ணன் முறை வைத்துக் கேட்டாள். "உங்கட மகன் எங்க நானா?"

"கடையில நிக்கான்."

"அதான்" என்றாள் அம்மா. அவருடைய மனைவி முட்டையைக் கூடைக்குள் திரும்ப வைத்தாள்.

கோயில் பூசாரியாரையும் வீட்டுக்கு அழைத்து வந்தேன். நல்ல மனிதர். "நேர்த்திய மகள்ட பேருக்கு மாத்தலாம். புள்ள ஒருபொழுது இருக்கட்டும், நீ சாப்பிடு" என்றார். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். "பெத்தது நான்."

அப்பா இதற்கெல்லாம் வாய் திறக்காத மனிதர். விடியலில் இராணுவம் வாவிக்குப் போகவிட்டால் போவார், விடாத நாளில் கரையில் குந்திக் கிழிந்த வலையைப் பொத்துவார். பெரிய இறால் பட்டால் அதைத் தனியே கட்டிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் வைப்பார். அம்மா அதைச் சமைத்து அவருக்கே போடுவாள். அவர் அதைத் தொடாமல் எழும்பிப் போவார். அப்படிப்பட்டவர் ஒரு மத்தியானம் வலையைத் தோளிலிருந்து இறக்காமலே அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்ச கேளு. சந்தையில ஒருத்தனக் கண்டன். தெக்குப் பக்கம் ஒரு ஜெயில்ல இருந்து விட்டு வந்தவன். நம்மட பொடியன அங்க கண்டானாம். சுகமா இரிக்கானாம். அம்மாவச் சாப்பிடச் சொல்லுங்க எண்டு சொல்லி விட்டானாம்."

சொல்லி முடியும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. பொய் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அம்மா அழுதாள், சிரித்தாள், அடுப்பை விட்டு எழும்பி அப்பாவின் கையைப் பிடித்தாள். கல்யாண வயதுவரை அந்த வீட்டில் இருந்தும் அவர்கள் கைபிடித்து நான் கண்டதில்லை. நல்ல பொய் என்று மனதுக்குள் அப்பாவைக் கும்பிட்டேன். ஓடிப்போய் மாமி வீட்டில் ஒரு முட்டை வாங்கி, அவித்து, உரித்து, நாலாக வெட்டி உப்புத் தூவிக் கொண்டுவந்து நீட்டினேன்.

அம்மா தட்டை மெல்லத் தள்ளினாள். "இப்பயா? அம்மாள் கண்ணத் திறந்திரிக்கிற நேரத்திலயா நான் நேர்த்திய முறிக்கிற? பாதித் தூரம் கொண்டுவந்திட்டா புள்ள. மிச்சத் தூரமும் கொண்டருவா." பிறகு சற்று வெட்கத்தோடு சொன்னாள்: "மருந்தெண்டு நான் களவாக் குடிச்ச பால்மாவும் இனி வேணாம். அதாலதான் அவன் வாறது பிந்துது."

அப்பா வலையோடு அப்படியே நின்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. பொய் என்று சொன்னால் அந்த இடத்திலேயே அவள் செத்துவிடுவாள். சொல்லாவிட்டால் பட்டினியில் சாவாள். இரண்டில் ஒன்றை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவின் கேள்விகள் தொடங்கின. மெலிந்திருக்கிறானா, என்ன சட்டை போட்டிருந்தான், தாடி வைத்திருக்கிறானா, படுக்கப் பாய் கொடுக்கிறார்களா. வாழ்நாளெல்லாம் பேசாத அப்பா இருந்து இருந்து பதில் சொன்னார். நீலச் சட்டை. கொஞ்சம் தாடி. பாய் கொடுக்கிறார்கள். நேர்ஸ் சொன்ன மாதிரி விடிந்ததிலிருந்து படுக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக அம்மா சாப்பிட்டது அந்தப் பொய்யைத்தான். உடம்பு அதில் பிழைக்குமா? வாய்க்கடை வெடித்தது, நாக்குச் சிவந்து புண்ணானது, தலைமயிர் சீப்போடு வந்தது. கடைசியில் கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துப் பாதையும் பூட்டிக்கொண்டது. ஊசிக்கும் போக முடியவில்லை.

கோயிலில் வைகாசிச் சடங்கு தொடங்கும் முன்னரே அம்மா போய்விட்டாள். நம்பிக்கையோடு போனாள், புண்ணியவதி என்று ஊர் சொன்னது. பட்டினியோடு போனாள் என்று நான் சொல்கிறேன். நோயை வெட்டி எடுத்துவிட்டோம், இனிச் சாப்பிட்டால் போதும் என்றுதான் டாக்டர் எங்களை அனுப்பினார். வாவியில் மீன் இருந்தது, மாமி வீட்டில் முட்டை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அம்மா மேலும் ஆத்திரம் வருகிறது, அம்மாள் மேலும் வருகிறது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து உறவுக்காரர்கள் போனபின், இரவுச் சாப்பாட்டுக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். வாவியில் பட்ட மணலை மீனை ஆக்கியிருந்தேன். அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"மத்தியானம் சாப்பிட்டிட்டன். இனி நாளைக்குத்தான். மச்சம் வேணாம்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "நீங்க சொன்னது பொய்தானே அப்பா? சந்தையில ஆரைக் கண்டீங்க?"

"ஒருத்தரையும் காணல்ல." சட்டென்று ஒப்புக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்தபடி இருந்தார். "அவ கேட்டுக் கேட்டு, நான் சொல்லிச் சொல்லி, இப்ப அவன்ட முகம் எனக்கு அந்த ஜெயில்லதான் தெரியுது புள்ள. வேற எங்கயும் தெரியல்ல. நான் சாப்பிட்டா அங்கயும் இல்லாமப் போயிருவான்."

தட்டை எடுத்துக்கொண்டு போய் மீனை நாய்க்குப் போட்டேன். எனக்கு மட்டும் தனியாக எதற்கு என்று, அடுத்த நாளிலிருந்து நானும் ஒருநேரத்துக்குத்தான் உலை வைத்தேன்.