யூதாஸுக்குக் கைதட்டுகிற ஊர்

"உங்கப்பாவுக்கு நாடகமா? தூங்கிடுவார் ஸ்டெல்லா. பேசாம மியூசிகல் பக்கம் போட்டுடறேன்."

ஜனவரியில் பத்மா போனில் இப்படிச் சொன்னபோது நான் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்து மருத்துவமனை வாசலில், பஸ்ஸுக்காகக் குளிரில் நின்றுகொண்டிருந்தேன். என் அப்பா நாடகத்தில் தூங்கியதே இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். மேடைமேல் நிற்பவர் எப்படித் தூங்குவார் என்று விளக்க வேண்டியிருக்கும். அவளுக்கு விளக்குகிற பொறுமையை நான் எப்போதோ தொலைத்துவிட்டேன்.

இந்த நாட்டில் 'தியேட்டர் பிரேக்' என்று ஒன்று உண்டு. நாடகம் பார்ப்பதற்காக லீவு போட்டு, லண்டனுக்கு ரயில் ஏறி, ஓட்டலில் தங்கி, நாடகம் தொடங்குமுன் அவசரமாகச் சாப்பிட்டு, இடைவேளையில் சின்னக் கிண்ணத்தில் ஐஸ்கிரீமை மூடிக்குள் ஒளிந்திருக்கும் குட்டிக் கரண்டியால் சுரண்டித் தின்றுவிட்டு வருவது. ஆறு மாதம் முன்னாலேயே திட்டம் போடுவார்கள். திருச்சி பாலக்கரையில் எங்கள் சர்ச் பங்கில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தால் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் தானாக வரும். கோயில் மைதானத்தில் பாயைப் போட்டால் முடிந்தது. நாடகம் பார்க்க யாரும் எதிலிருந்தும் பிரேக் எடுத்ததில்லை.

பத்மா ஸ்ரீரங்கத்துப் பெண். லீட்ஸில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். திருச்சியில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் காவிரியும் ஒரு பாலமும் உண்டு. அந்தப் பாலத்தை நாங்கள் இருவரும் ஆயிரம் தடவை கடந்திருப்போம். அங்கே ஒரு தடவைகூடச் சந்தித்துக்கொள்ளவில்லை. இங்கே வந்ததும் அவள் என்னை எல்லோரிடமும் "எங்க ஊர்ப் பொண்ணு" என்று அறிமுகப்படுத்துகிறாள். அவளுக்கு அதில் உண்மையான சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர் என்பது ஒன்றல்ல என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இந்தக் கோடையில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், என் அப்பாவும் வருகிறார். என் அம்மா இல்லை. நான் கல்லூரியில் இருந்தபோதே போய்விட்டார். ஆக, பெற்றோர்களையெல்லாம் சேர்த்து லண்டனுக்குக் கூட்டிப்போகலாம் என்று பத்மா ஒரு வாட்ஸப் குழு தொடங்கினாள். புளியோதரை யார், தயிர்சாதம் யார் என்பது முதல் நாளே முடிவானது. எந்த நாடகம் என்பது கடைசியில்தான் வந்தது. அதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள்: இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு ஒரு நாடகம், தெரியாதவர்களுக்கு ஆட்டமும் பாட்டுமாக ஒரு மியூசிகல். யாருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று யாரையும் கேட்கவில்லை. மியூசிகல் பக்கத்தில் முதல் பெயர் சவரிமுத்து. என் அப்பா.

நாடகம் ஒரு சுரங்க ஊரைப் பற்றியது. வேலைநிறுத்தம் நடக்கிறது. ஒருவன் தன் கூட்டாளிகளின் பெயர்களை ரகசியமாக நிர்வாகத்திடம் சொல்லிவிடுகிறான். கதைச் சுருக்கத்தைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது அப்பா பார்க்க வேண்டிய நாடகம்.

மருத்துவமனையில் என்னோடு எக்ஸ்ரே எடுக்கிற காரெனிடம் டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். என் அப்பா ஒரு நடிகர் என்று ஆரம்பித்தேன்.

"லவ்லி! பாலிவுட்டா?" என்றாள்.

"இல்லை. இயேசுவின் பாடுகள் பற்றிய நாடகம். சர்ச் மைதானத்தில். அப்பா யூதாஸ்."

காரென் முகம் மலர்ந்தது. உடனே போனை எடுத்துத் தேடி, கிறிஸ்துமஸுக்குப் பள்ளிக்கூட நாடகத்தில் பஞ்சை ஒட்டிக்கொண்டு ஆட்டுக்குட்டியாக நிற்கும் தன் பேரனைக் காட்டினாள். "இவனும் நடிகன்தான்!" என்றாள். பிறகு, மிக அன்பாக, "ஆனால் அந்தச் சுரங்க நாடகம் கொஞ்சம் பேச்சு அதிகமானது. உன் அப்பாவுக்கு மியூசிகல் பிடிக்கும். லைட்டெல்லாம் அற்புதமாக இருக்கும்" என்றாள். பத்மாவும் காரெனும் சந்தித்ததே இல்லை. சந்தித்தால் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். என் அப்பாவுக்கு லைட் போதும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளி மொத்தக் கடைகளில் துணிப் பேல் தூக்குவதுதான் அப்பாவின் வேலை. பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். நான் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது, தடுமாறாமல் படிக்கிறேன் என்று தெரிந்ததும், அப்பா பங்கிலிருந்து யூதாஸின் வசனத் தாள்களைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நான் ஒரு வரி படிப்பேன், அவர் திருப்பிச் சொல்வார். மறுநாள் முதுகில் பேலோடு சந்துகளில் நடந்துகொண்டே அதை முணுமுணுப்பார். கடைக்காரர்கள், சவரிக்கு யாரோடோ சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு யூதாஸ் வேஷம் ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் அந்த வேஷத்தைக் கேட்கவில்லை. இயேசுவாக நடிக்கப் பங்கில் போட்டி நடக்கும். சிவந்த நிறம், நல்ல குடும்பம், கொஞ்சம் படிப்பு, இவை வேண்டும். பேதுருவுக்கு வெள்ளைத் தாடியும் செல்வாக்கும் வேண்டும். யூதாஸுக்குக் கறுப்பும் கட்டைக்குரலும் போதும் என்று நம் பக்திமான்கள் முடிவு செய்திருந்தார்கள். அப்பா அந்த வேஷத்தை அவர்கள் எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாகச் செய்தார். முத்தம் கொடுக்கும் இடத்தில் இயேசுவின் கன்னத்துக்குப் பக்கத்தில் போய்ச் சற்று நிற்பார். கண்ணைப் பார்க்க மாட்டார். அந்த நிற்பில் மைதானமே கொதிக்கும். "அடப் பாவி!" என்று பெண்கள் கத்துவார்கள். செருப்பு பறந்து வரும். ஒருமுறை, திரைக்குப் பின்னால் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே, "எல்லாம் ஒத்தச் செருப்பா எறியிறானுங்க பாப்பா. ஜோடியா எறிஞ்சா நமக்கும் உதவும்ல" என்று சிரித்தார்.

சிரித்தார்தான். ஆனால் வருஷம் முழுக்க நான் 'யூதாஸ் பொண்ணு'. குழாயடியில், பள்ளிக்கூடத்தில், பூசையில் திவ்விய நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போதும். நான் முதல் மார்க் வாங்கியபோது ஒரு பெரிய வீட்டம்மா, "யூதாஸ் பொண்ணுக்கு மூளை பாரு" என்றார். பாராட்டாம் அது. இயேசுவாக நடித்தவரின் மகனை யாரும் இயேசு பையன் என்று கூப்பிடவில்லை என்பதையும் கவனித்தேன். அவன் எட்டாம் வகுப்பில் பெயிலாகி இரண்டு தடவை உட்கார்ந்தான்.

பிப்ரவரியில் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். பத்மாவும் அதே சமயம் வந்திருந்தாள். "அப்பாவையும் கூட்டிண்டு ஆத்துக்கு வா, உக்காந்து பிளான் போட்டுடலாம்" என்றாள். ஸ்ரீரங்கத்தில் அவர்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அப்பாவும் நானும் போனோம். அப்பா வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை. பத்மாவின் அப்பா வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். நல்ல காபி கொடுத்தார். நல்லபடியாகப் பேசினார். நான் குறைசொல்ல ஒன்றும் கிடைக்காதபடி எல்லாம் நடந்தது, ஒரு கேள்வி வரும்வரை.

"நாடகமெல்லாம் பாப்பேளா?" என்று என் அப்பாவைக் கேட்டார்.

"பாத்ததில்லீங்க. நடிச்சிருக்கேன்."

"பேஷ்! என்ன வேஷம்?"

"யூதாஸுங்க."

"அட, நானும் பாதிரியார் காலேஜ்ல படிச்சவன்தான் ஓய், தெரியும்! காட்டிக்கொடுத்தவன்தானே?" என்று அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பத்மா, ஜாக்கிரதைடி! லண்டன்ல நம்மளையும் காட்டிக்கொடுத்துடப் போறார்!"

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் என் அப்பா. அவருக்குப் பழக்கம். நான் காபியைக் கீழே வைத்தேன்.

பத்மா லேப்டாப்பைத் திருப்பி அரங்கத்தின் படத்தைக் காட்டினாள். இருக்கைகள் புள்ளிப் புள்ளியாக இருந்தன. அப்பா குனிந்து பார்த்து, "இதுல மேடை எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். அவள் காட்டினாள். அடுத்து அவர், "அந்தச் சுரங்க நாடகத்துல, காட்டிக்குடுத்தவன் கடைசியில என்ன ஆகுறான்?" என்றார்.

"அதெல்லாம் முன்னாடியே சொல்ல மாட்டா அங்கிள். பாத்தாத்தான் தெரியும். உங்களுக்கு அது வேண்டாம், அவா பேசற இங்கிலீஷே வேற. எனக்கே பாதி புரியாது."

"அப்ப நீ எதுக்குப் போற?" என்று கேட்டேன்.

"என்னடி இப்படிக் கேக்கற? அது அவார்டு வாங்கின நாடகம். பாக்கலைன்னா ஆபீஸ்ல என்ன நினைப்பா?"

அவ்வளவுதான். புரியாத பத்மா போகலாம். புரியாத சவரிமுத்து போகக் கூடாது. ஏனென்றால் ஒருவருக்குப் புரியாமல் இருப்பதற்கும் தகுதி வேண்டும். அந்தத் தகுதியைப் பேல் தூக்குகிறவர்களுக்கு யாரும் கொடுப்பதில்லை.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றது. கீழே மணலாகக் கிடந்தது ஆறு. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"விடு பாப்பா. நான் அந்தப் பாட்டு நாடகத்துக்கே போறேன். அவங்க சொல்றதும் சரிதானே. இங்கிலீஷ் எனக்கு என்ன புரியும்? பத்மா தங்கமான பொண்ணு."

"தங்கந்தான். வாயைத் தொறந்தா பித்தளை."

"சும்மா இரு. பஸ்ல எல்லாரும் கேக்குறாங்க."

பிறகு அவராகவே மெதுவாகக் கேட்டார். "அங்க செருப்பு எறிவாங்களா?"

"யார் மேல?"

"அவன் மேலதான். காட்டிக்குடுத்தவன் மேல."

"இல்லப்பா. அங்க எல்லாரும் சத்தமே போடாம உக்காந்திருப்பாங்க. நாடகம் முடிஞ்சதும் நடிச்சவங்க எல்லாரும் வரிசையா மேடைக்கு வந்து கும்பிடுவாங்க. ஜனங்க எந்திரிச்சு நின்னு கைதட்டுவாங்க."

"அவனும் வருவானா?"

"வருவான். அவன்தான் முக்கியமான வேஷம். அவனுக்குத்தான் அதிகமாத் தட்டுவாங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விளையாடுகிறேனோ என்று பார்த்தார். "காட்டிக்குடுத்தவனுக்கா?" என்றார். "கைதட்டா?"

பாஸ்காவில் யூதாஸ் நாண்டுகொண்டு செத்த பிறகும் நாடகம் வெகுநேரம் நடக்கும். சிலுவை, கல்லறை, உயிர்ப்பு எல்லாம் அப்புறம்தான். அப்பா சாயத்தைக் கழுவிவிட்டு, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில் எங்கள் பாயில் வந்து உட்காருவார். துண்டு பனிக்காக என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். முடிவில் இயேசுவாக நடித்தவருக்கு மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டுவார். இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒருவர்கூடக் கைதட்டியதில்லை. அதை அவர் கேட்டதுமில்லை. அன்றைக்குப் பஸ்ஸில்தான், அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எங்கேயோ உண்டு என்றே அவருக்குத் தெரிந்தது. பஸ் கிளம்பி, சத்திரம் பஸ் நிலையம் வரும்வரை அவர் பாட்டு நாடகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இறங்கும்போது மட்டும், "எந்திரிச்சு நின்னுகிட்டா தட்டுவாங்க?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

லீட்ஸுக்குத் திரும்பியதும் பத்மாவின் குழுவிலிருந்து என் பெயரையும் அப்பா பெயரையும் எடுத்துவிட்டேன். அந்தச் சுரங்க நாடகத்துக்கு வேறொரு நாள் மதியக் காட்சிக்கு, நடுவில், மேடைக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள் வாங்கினேன். யூதாஸ் வந்து கும்பிடும்போது அப்பாவின் முகம் அவனுக்குத் தெரிய வேண்டும். பத்மா போன் செய்து, "கோவமா? உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றாள். காரெனிடம் சொன்னேன். "ஓ, பிரேவ்!" என்றாள். இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு முட்டாள்தனம் என்று பொருள். இங்கு வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட பாடங்களில் அது ஒன்று.

அந்த நாடகத்தின் வசனம் புத்தகமாகவே கடையில் விற்கிறது. அதையும் வாங்கிவிட்டேன். வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில், மாடியில் முன்னிருக்கையில் உட்கார்ந்து, காட்டிக்கொடுக்கிறவனின் வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கி வாய்ஸ் மெசேஜில் அப்பாவுக்குப் படிக்கிறேன். பாலக்கரைத் தமிழில். வெளியே வடக்கு இங்கிலாந்தின் மழை கண்ணாடியில் வழிகிறது. பக்கத்தில் இருப்பவர்கள், யாரோடோ சண்டை போடுகிறாள் என்று என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை நான் மலைக்கோட்டைச் சந்துகளிலேயே பார்த்திருக்கிறேன், என்மேல் அல்ல.

முதல் காட்சி போய்ச் சேர்ந்ததும் அப்பாவிடமிருந்து பதில் வந்தது. பின்னால் கடைவீதி இரைச்சல். யாரோ, "என்ன சவரி, மறுபடியும் யூதாஸா?" என்று கேட்பது விழுகிறது. அப்பாவின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறது: "இல்லண்ணே, இது லண்டன் யூதாஸ்." பிறகு என்னிடம்: "பாப்பா, ரொம்ப வேகமாப் படிக்கிற. கூட்டாளிங்க பேரைச் சொல்றதுக்கு முன்னாடி அவன் ஒரு எடத்துல நிப்பான்ல, அங்க கொஞ்சம் நிறுத்திப் படி."

புத்தகத்தில் அப்படி நிற்கச் சொல்லி எதுவும் இல்லை. இருந்தாலும் நிறுத்தினேன். நிறுத்தி, இரண்டாம் காட்சியையும் படித்து அனுப்பிவிட்டேன்.